உபுண்டுவை அழித்தேன், 70 ஜிபி கறுப்புப் பட்டையாக நிற்கிறது. சி டிரைவில் சேரவில்லை

செவ்வந்தி_தையலகம்:
வணக்கம். தம்பி ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் இது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கூடவே வந்த பாஸ் லினக்ஸை எடுத்துவிட்டு, காலேஜ் போனதும் உபுண்டு 20.04 (இதுவும் லினக்ஸ்தான், விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்) போட்டு வைத்திருந்தான். இப்போது வேலைக்குப் போய்விட்டான், லேப்டாப் என் கைக்கு வந்துவிட்டது. தையல் கடைக் கணக்கெல்லாம் இதில்தான். சி டிரைவ் 150 ஜிபியில் 4 ஜிபிதான் மிச்சம், சிவப்பாகக் காட்டுகிறது. விண்டோஸ் அப்டேட்டும் இடமில்லை என்று நின்றுபோனது.

தம்பியிடம் கேட்டுவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் உபுண்டு இருந்த 70 ஜிபி பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை) டிலீட் செய்தேன். இப்போது அது "அன்அலொகேட்டட்" என்று கறுப்புப் பட்டையாக இருக்கிறது. சி மேல் ரைட் கிளிக் செய்தால் "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கலாக இருக்கிறது, அமுக்க முடியவில்லை. டி-யிலும் அதே கதை.

இடமிருந்து வலமாக: ஈஎஃப்ஐ (பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதி) 100 எம்பி, சி 150 ஜிபி, ரெகவரி 530 எம்பி, கறுப்பு 70 ஜிபி, டி 245 ஜிபி. இன்னும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. இன்னொன்று, எல்லாவற்றையும் கூட்டினால் 465 தான் வருகிறது. 500-இல் மீதி எங்கே போனது?

ராத்திரி_பஸ்:
அந்தக் கறுப்பு மேல ரைட் கிளிக், "நியூ சிம்பிள் வால்யூம்" குடுத்து ஈ டிரைவ் ஆக்கிடுங்க அக்கா. டிசைன் படமெல்லாம் அங்க தள்ளிடலாம். 2 நிமிஷ வேலை.

செவ்வந்தி_தையலகம்:
படமெல்லாம் ஏற்கெனவே டி-யில்தான் தம்பி. இடம் வேண்டியது சி-க்கு.

ஸ்குரூடிரைவர்_மதுரை:
ரீஸ்டார்ட் பண்ணாம இருந்தது நல்லதுதான்ம்மா. மெஷினை ஆன் பண்ணினா முதல்ல எந்திரிக்கிறது உபுண்டு வச்ச க்ரப், உபுண்டுவா விண்டோஸான்னு மெனு காட்டுற புரோகிராம். அதோட மெனு இருந்த பார்ட்டிஷன் இப்ப இல்லை. அதனால அடுத்த தடவை கறுப்புத் திரையில "க்ரப்"னு எழுதி, டைப் பண்ணச் சொல்லி நிக்கும். விண்டோஸே போயிருச்சுன்னு பயந்து இந்தக் கட்டத்துலதான் கடைக்குத் தூக்கிட்டு வருவாங்க. ஒண்ணும் போயிருக்காது. அங்க எக்ஸிட்னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டினா பெரும்பாலும் விண்டோஸ் வந்துரும். வரலைன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது எஃப்12 தட்டி "விண்டோஸ் பூட் மேனேஜர்" எடுங்க. அப்புறம் பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கிற செட்டிங்) அதையே முதல் வரிசைக்குக் கொண்டுவந்துருங்க.

இப்ப இடம் விஷயம். விண்டோஸ் ஒரு டிரைவை அதோட வலது பக்கம் ஒட்டினாப்புல இருக்கிற காலி இடத்துக்கு மட்டும்தான் நீட்டும். உங்களுக்குப் பின்னாடி மனை காலியாத்தான் கிடக்கு, நடுவுல அரை சென்ட் வேற ஆள் பட்டா. அந்த 530 எம்பி ரெகவரிதான் அது. டி-யை காலி இடம் ஒட்டித்தான் இருக்கு, ஆனா இடது பக்கம். அதனால அதுவும் மங்கல். ஜிபார்ட்டட்னு ஒரு பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் போட்டு டி-யை இடப்பக்கம் நீட்டலாம்தான், ஆனா 245 ஜிபியையும் நகர்த்தணும். ஹார்ட் டிஸ்க்ல அது மணிக்கணக்கா ஓடும். பழைய லேப்டாப், பேட்டரி நிக்காது, நடுவுல கரண்ட் போனா டேட்டாவும் போச்சு. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

ரெகவரியில இருக்கிறது விண்டோஸ் கெட்டுப்போனா சரிபண்ற கருவி. அதை முதல்ல சி-க்குள்ள இழுத்துக்கணும். சிஎம்டி-யை (கமாண்ட் ப்ராம்ப்ட்) "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" குடுத்துத் திறங்க. நான் மொபைல்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், எழுத்து எழுத்தா சொல்றேன்: ஆர் ஈ ஏ ஜி ஈ என் டி சி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், டிசேபிள். வேலை வெற்றின்னு பதில் வந்தாத்தான் அடுத்தது. எரர் வந்தா அப்படியே நிறுத்திட்டு இங்க சொல்லுங்க.

அடுத்து அதே திரையில டிஸ்க்பார்ட்னு அடிங்க, பார்ட்டிஷனைக் கையாளுற கருவி அது. அதுக்குள்ள வரிசையா லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன். ரெகவரியோட நம்பரைப் பார்த்து செலக்ட் பண்ணி, "டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு" (override). கடைசி வார்த்தை இல்லாம அது அழியாது, பாதுகாப்பு போட்டு வச்சிருக்கு. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாருங்க, எக்ஸ்டெண்ட் வால்யூம் உயிரோட இருக்கும். நீட்டினதும் பழைய கமாண்டையே டிசேபிளுக்குப் பதிலா எனேபிள்னு குடுங்க. ரெகவரி சி-க்குள்ளயே உட்கார்ந்துக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கணக்கு ஃபைலை பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துருங்க. இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: உங்க ரெகவரி 10, 15 ஜிபின்னு இருந்தா அது கம்பெனி வச்ச ஃபேக்டரி ரீசெட்டா இருக்கலாம், கை வைக்காதீங்க. பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தாலும் இந்த வழி வேண்டாம்.

செவ்வந்தி_தையலகம்:
டிசேபிள் ஆகிவிட்டது அண்ணா. ஆனால் ஒரு சந்தேகம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ரெகவரி மூன்றாவதாக இருக்கிறது. டிஸ்க்பார்ட்டில் 3 என்றால் 150 ஜிபி காட்டுகிறது. அது சி-தானே?

ஸ்குரூடிரைவர்_மதுரை:
சி-யேதான், தொடாதீங்க. ஈஎஃப்ஐ-க்கும் சி-க்கும் நடுவுல 16 எம்பிக்கு மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு பார்ட்டிஷன் ஒண்ணு இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, டிஸ்க்பார்ட் காட்டும். அதனால ஒரு நம்பர் தள்ளிப்போகும். நம்பரை நம்பாதீங்க. டைப் "ரெகவரி", சைஸ் 530 எம்பி, ரெண்டும் சேர்ந்து எந்த வரியில இருக்கோ அதுதான். செலக்ட் பண்ணினதும் இன்னொரு தடவை லிஸ்ட் பார்ட்டிஷன் குடுங்க, தேர்ந்தெடுத்த வரிக்கு முன்னாடி நட்சத்திரக் குறி நிக்கும்.

ராத்திரி_பஸ்:
இதுக்கு இலவச சாஃப்ட்வேர் நிறைய இருக்கே அண்ணா, மவுஸ்ல இழுத்தாப் போதும்?

ஸ்குரூடிரைவர்_மதுரை:
இருக்கு. சிலது எல்லாம் இழுத்து முடிச்சு "அப்ளை" அமுக்கும்போதுதான் காசு கேக்கும். விண்டோஸ்லயே இருக்கிற வேலைக்கு வெளிய இருந்து எதையும் இறக்கவேண்டாம்னு என் அபிப்பிராயம்.

செவ்வந்தி_தையலகம்:
4-தான் ரெகவரி. நட்சத்திரம் பார்த்துத்தான் அழித்தேன். சி இப்போது 220 ஜிபி, எனேபிளும் ஆகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்தபோது நீங்கள் சொன்ன கறுப்புத் திரை வந்தது, எக்ஸிட் அடித்ததும் விண்டோஸ் வந்தது. பயாஸில் வரிசையும் மாற்றிவிட்டேன். ஈஎஃப்ஐ-க்குள் உபுண்டு ஃபோல்டர் மிச்சமிருக்கும், அதையும் அழிக்க வேண்டும் என்று தம்பி சொல்கிறான். அழிக்கலாமா?

ஸ்குரூடிரைவர்_மதுரை:
அழிக்கலாம், அவசியமில்லை. சில எம்பிதான் பிடிக்கும், பயாஸ் வரிசை மாத்தினபிறகு அது யாரையும் தொந்தரவு பண்ணாது. அதைச் சுத்தம் பண்றேன்னு உள்ள போய், பக்கத்துல இருக்கிற மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரையும் சேர்த்து அழிச்சுட்டு வந்தவங்க என் கடைக்கு வந்திருக்காங்க. அப்ப நிஜமாவே விண்டோஸ் எந்திரிக்காது.

அந்த 35 ஜிபி கேட்டிருந்தீங்கல்ல. அது தொலையலை. டிஸ்க் செய்றவங்க ஒரு ஜிபியை 100 கோடி பைட்டுன்னு கணக்கு வைக்கிறாங்க. விண்டோஸ் 1024-ஐ மூணு தடவை பெருக்கி அதை ஒரு ஜிபிங்குது. 50,000 கோடி பைட்டை அதால வகுத்தா 465.66 வரும். 32 ஜிபி பென்டிரைவ் வாங்கினாலும் 29 சொச்சம்தான் காட்டும், கடைக்காரரோட சண்டைக்குப் போயிராதீங்க.