பைண்டிங் முதுகில் குண்டூசித் துளைகள்: புகையூட்டத்தான் வேண்டுமா?

நூலடுக்கு: பழைய பைண்டு தொகுதிகள் 40 வரை இருக்கும். முதுகில் வட்ட வட்டமாகத் துளைகள், தட்டில் மாவு போலத் தூள். அந்துருண்டை வைத்தும் பயனில்லை. அறை முழுக்க நச்சு வாயு விட்டுப் புகையூட்டச் சொல்கிறார்கள். வேறு வழி?

ஏட்டுப்பூச்சி: துளை 1–2 மி.மீ. இருந்தால் வண்டுதான். ராமபாணப் பூச்சி மேற்பரப்பைச் சுரண்டும், இப்படித் துளைக்காது. தின்பது உள்ளே பசையிலும் அட்டையிலும் சுரங்கம் போடும் புழு. துளை, வளர்ந்த வண்டு வெளியேறிய வழி. அதனால் துளையை மட்டும் பார்த்து இன்னும் பூச்சி இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். தூளை நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து 2 வாரம் அசைக்காமல் வையுங்கள். அசைத்தால் பழைய தூளே கொட்டிக் குழப்பும். புதிதாக விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. விழாவிட்டாலும் சில மாதம் கண் வையுங்கள்.

அந்துருண்டை ஆவி திறந்த அலமாரியில் தங்காது. அங்கே வேலை செய்பவர்கள் மூச்சுக்குத்தான் கேடு.

தாளட்டை: 40 தொகுதிக்குப் புகை தேவையில்லை, உறையவையுங்கள். ஒவ்வொன்றையும் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டி, −20 டிகிரி செல்சியஸில் 2 வாரம். நெருக்கி அடுக்கினால் நடுவிலுள்ளவை மெல்லக் குளிரும். புழு குளிருக்குப் பழகிப் பிழைத்துக்கொள்ளும். இடைவெளி விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். 24 மணி நேரம் மூடியே இருந்தால் நீர் பைக்கு வெளியே கோர்க்கும். உடனே பிரித்தால் தாளில் கோர்க்கும். கண்ணாடி நெகட்டிவ், அரக்கு முத்திரை உள்ளவற்றை வைக்கக் கூடாது.

நூலடுக்கு: ஃப்ரிட்ஜின் மேலறை போதுமா? −12தான் காட்டுகிறது.

தாளட்டை: போதாது. தனி டீப் ஃப்ரீசர் வேண்டும். தெர்மாமீட்டர் முனையை ஒரு தடித்த புத்தகத்தின் நடுப்பக்கத்தில் செருகிவையுங்கள். அது −20 தொட்ட பிறகே நாள் எண்ணத் தொடங்குங்கள்.

ஏட்டுப்பூச்சி: புகையைப் பற்றி ஒன்று: அதற்குப் பயன்படும் பாஸ்பீன் வாயு செம்பை அரிக்கும், மின்கம்பியும் கணினியும் கெடும். வாயு போனபின் பாதுகாப்பும் மிஞ்சாது. புத்தகங்களைத் திரும்ப அடுக்குமுன் அலமாரி மூலை, இடுக்கெல்லாம் வாக்குவம் போடுங்கள். சுவரோரம் ஒட்டுப்பொறி வைத்து மாதமொரு முறை எண்ணி எழுதுங்கள். பொறி பூச்சியை ஒழிக்காது, எந்த மூலையில் பெருகுகிறது என்று காட்டும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் புத்தகப் பேனும் பூஞ்சையும் அண்டாது; வண்டு அதற்கெல்லாம் மசியாது.