தைவதத்தில் குரல் உடைகிறது, பயிற்சி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் தைப்பூசக் காவடிக்குப் பாடும் பெண்கள் குழுவுக்காகக் கேட்கிறேன். சுருதி 5 கட்டை (ஆர்மோனியத்தில் G தான் ஸட்ஜம்). பஞ்சமம் (ப) வரை நெஞ்சுக் குரல் கணீரென்று இருக்கிறது. தைவதம் (த), நிஷாதம் (நி) வந்ததும் உடைந்து, மேல் ஸட்ஜத்தில் (ஸ) காற்றுக் கலந்த பொய்க்குரலாகிவிடுகிறது.

இப்போது கொடுக்கும் பயிற்சி: உதட்டை அதிரவிட்டு, மேல் காந்தாரத்திலிருந்து (க) மத்திய ஸட்ஜம் வரை மெதுவாக வழுக்கி இறங்குவது, பிறகு அதையே ஊகாரத்தில். கீழிருந்து ஏறினால் நெஞ்சுக் குரலின் கனத்தை அப்படியே மேலே தூக்கிப்போவார்கள், தாங்காத இடத்தில் உடையும். அதனால்தான் இறக்கம் முதலில். இதில் இரண்டு குரலும் சேரும் இடத்தின் தையல் தெரிவதில்லை.

ஆகாரத்தில்தான் சிக்கல். வாயை அகலத் திறந்து சத்தத்தைக் கூட்டுகிறார்கள் (மேளத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டைகள்!). தைவதத்திலிருந்து ஆகாரத்தைச் சற்று ஓகாரத்துப் பக்கம் குவித்து, பாதிச் சத்தத்தில் பாடினால் சிலருக்குச் சேர்கிறது. மற்றவர்களுக்கு ஒரே ஸ்வரத்தில் ஊ–ஓ–ஆ என்று மாற்றிப் பழக்கலாமா, நேராகச் சரளி வரிசைக்கே (ஸ்வரங்களில் ஏறி இறங்கும் ஆரம்பப் பாடம்) போகலாமா?

சுருதியை 4 கட்டைக்கு இறக்கினால் உடையும் இடம் நிஷாதத்தை ஒட்டித் தள்ளிப்போகும், ஆனால் கீழ் ஸ்தாயி கேட்காது. 4½ வைத்துப் பாடுபவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.