சங்கக் காசை எங்கே வைப்பது?

வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் கைப்பந்துக் குழுவுக்கு நான்தான் பொருளாளர். 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தது. இருப்பு 2,14,000 ரூபாய், சேமிப்புக் கணக்கில் தூங்குகிறது. வருடச் செலவு 90,000 தாண்டாது. பொங்கல் போட்டிக்குப் பந்தல், மைக் செட்தான் பெரிசு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடச் செலவை வைத்துக்கொண்டு மிச்சத்தை வங்கி வைப்புநிதியில் (FD) போடலாம் என்பது என் எண்ணம். "காசை வச்சிப் பூசையா பண்ணப் போறே? மைதானத்துக்கு லைட் போடு" என்கிறார் தலைவர் அண்ணன். இன்னொருவர் கூடுதல் வட்டி கிடைக்கும், சீட்டுப் போடலாம் என்கிறார். அதற்கு நான் ஒப்பவில்லை. வங்கியென்றால் 5 லட்சம் வரை காப்பீடாவது உண்டு.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் சங்கக் கணக்கு பார்ப்பவர்கள் எவ்வளவு கையிருப்பு வைக்கிறீர்கள்? தீர்மான மாதிரி இருந்தால் அனுப்புங்கள், ஞாயிறு கூட்டம்.