பக்கத்து இருக்கையில் குடித்தவர் இருந்தால்? விவரம் அறிந்தோர் உதவவும்

வணக்கம். அமெரிக்காவில் 2021-இல் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், போதையில் ஓட்டுவதைத் தடுக்கும் தொழில்நுட்பத்தைப் புதிய கார்களில் கட்டாயமாக்கும் விதியை 2024 நவம்பருக்குள் வகுக்குமாறு பணித்திருந்தது. எதிர்பார்த்தபடியே, விதி வராமல் கெடு கடந்துவிட்டது. அதற்கெனச் சோதிக்கப்படும் இரு முறைகளில், விரல் நுனியில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி இரத்தத்திலுள்ள ஆல்கஹாலை அளப்பது எனக்கு ஓரளவு புரிகிறது. மூச்சை அளக்கும் முறைதான் குழப்புகிறது: ஓட்டுநர் குழாயில் ஊதத் தேவையில்லை, அவர் இயல்பாக வெளிவிடும் காற்றிலுள்ள ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் சென்சார் ஒப்பிட்டுக் கணக்கிடும் என்கிறார்கள். அப்படியானால், குடித்த நண்பர்களை நள்ளிரவில் வீட்டில் இறக்கிவிடப் புறப்படும், ஒரு சொட்டும் தொடாத ஓட்டுநரின் மூச்சை, பக்கத்து இருக்கையிலிருந்து வரும் நெடியிலிருந்து அது எவ்வாறு பிரித்தறியும்? கையில் தடவிய சானிட்டைசர் குறித்தும் இதே ஐயம் உண்டு. வாகன சென்சார் துறையில் பணிபுரிவோர் விளக்கினாலோ, படிக்கத்தக்க ஆய்வறிக்கையைச் சுட்டினாலோ பேருதவியாக இருக்கும்.