மறு: "துறவிமீன்" சரியா?

> ஐரோப்பிய மீன்பிடி அட்டவணையைத் தமிழாக்குகிறேன். மாங்க்ஃபிஷ் என்பதற்குத் "துறவிமீன்" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் ஐயா,

துறவிமீன் வேண்டாம். அந்த ஆங்கிலப் பெயரை முன்பு ஸ்க்வாட்டினா என்ற தட்டையான சுறாவுக்கும் சொல்லிவந்தார்கள். அந்தச் சுறா இன்று அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியப் படகுகள் வலையில் விழுந்தாலும் அதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். உங்கள் அட்டவணையில் இருப்பது லோஃபியஸ் என்ற பெருந்தலை மீன். அந்தக் குழப்பத்தைத் தமிழுக்குள் நாமே ஏன் கொண்டுவர வேண்டும்?

ஜெர்மானியருக்கு இது கடற்பேய். இத்தாலியருக்கு மீன்பிடிக்கும் தவளை. பிரெஞ்சுக்காரர்கள் முழு மீனை போத்ருவா என்றும், தலை நீக்கிக் கடைக்கு வருவதை லோத் என்றும் பிரித்தே சொல்கிறார்கள்.

"தூண்டில்மீன்" என்று சிலர் எழுதுகிறார்கள். கருத்து பொருந்துகிறது: முதுகுமுள் ஒன்று தலைக்கு முன்னால் தூண்டிற்கோல்போல நீண்டு, நுனியில் சதைத்துணுக்கு இரையாக ஆடும். ஆனால் நம் கரையில் தூண்டில் மீன் என்றால் தூண்டிலில் பட்ட மீன். சந்தையில் அதைக் கேட்டு வாங்குவார்கள். புழங்கும் சொல்லின் பொருளை மாற்ற நமக்கு உரிமை இல்லை. என் பரிந்துரை "தூண்டில்தலையன்". உடம்பில் பெரும்பகுதி தலைதான் என்பதும் அதில் வந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் முக்கியமாகப் பிடிபடும் லோஃபியஸ் இனங்கள் இரண்டு. பிஸ்கடோரியஸ் வெள்வயிற்றுத் தூண்டில்தலையன், புடெகாஸா கருவயிற்றுத் தூண்டில்தலையன். இந்த வெண்மையும் கருமையும் வெளித்தோலில் இல்லை, வயிற்றறையின் உட்சவ்வில். அறுத்தால்தான் நன்றாகத் தெரியும். அதனால் பல துறைமுகங்களில் இரண்டும் ஒன்றாகவே பதிவாகின்றன. ஒன்றியத்தின் பிடி ஒதுக்கீடும் சேர்த்தே. எனவே அட்டவணையில் "தூண்டில்தலையன் வகைகள்" என்று பன்மையில் போடுங்கள்.

தலைப்பில் "மனித நுகர்வுக்கான பிடிப்புகள்" என்பது அலுவலகத் தமிழ். பிடிபட்ட மீனுக்குக் கடற்கரையில் மீன்பாடு என்ற அருமையான சொல் இருக்கிறது. "உணவுக்கான மீன்பாடு" போதும். ஆனால் எண்கள் துறைமுகத்தில் இறக்கியதை மட்டும் குறித்தால் "கரையிறக்கம்" என்றே இருக்கட்டும். கடலில் கொட்டிவிட்டதும் மீன்பாட்டில் சேரும், கரையிறக்கத்தில் சேராது.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. வாலாக மட்டும் இறக்கிய எடையை முழுமீன் எடையாக மாற்ற ஏறத்தாழ 3-ஆல் பெருக்குகிறார்கள். "எடை" என்று மட்டும் எழுதினால் ஒரு நாட்டின் கணக்கே மூன்றில் ஒன்றாகத் தெரியும். "முழுமீன் எடை", "வாலெடை" என்று இரு சொற்கள் தேவை. மூல அட்டவணையில் எது என்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா, அதன்பின் தலைப்பை முடிவுசெய்வோம்.