புதுப்பிப்பு: கிருஷ்ணகிரி வீட்டுப் படுக்கையறை ஈரப்பதம்

ஐப்பசி மழையில் படுக்கையறை நசநசக்கிறது, பீரோத் துணியெல்லாம் பூசண வாடை என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, இப்போது தேவலை.

ஏர்கூலரை நிறுத்தச் சொன்னவர்களுக்கு நன்றி. சித்திரை வெயிலுக்கு அது சரி. மழைக்காலத்தில் தண்ணீரை ஆவியாக்கி அறைக்குள்ளேயே அல்லவா விடுகிறது! ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியை, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரை மோடில் போடுகிறேன். ஏசித் தண்ணீர் வடியும் வெளிக்குழாய்க்கு அடியில் வைத்த சொம்பு நிறைந்துவிடுகிறது. ஈரப்பதமானியில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது 60-க்குப் பக்கத்தில் நிற்கிறது. அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்துவதும் ஒருவழியாக நின்றது.

ஈரத்தை உறிஞ்சக் கல் உப்புக் கிண்ணம் வைக்கும் யோசனை மட்டும் எடுபடவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

மேற்குச் சுவரடியில் ஓதம் இன்னும் ஏறுகிறது. அது மண்ணிலிருந்து வருவது. தை பிறந்ததும் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.