வாரச்சந்தை ஊர் நடுவிலேயே இருக்கட்டுமா, பைபாஸுக்குப் போகட்டுமா?

செக்காலைக்காரன்
காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை வாரச்சந்தை கூடினால் அதே கூத்துதான். லோடு வண்டி, ஆட்டோ, பஸ் எல்லாம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மழை பெய்தால் காய்கறியும் சேறும் ஒன்றாகக் கிடக்கும். சென்னையில் 1996-லேயே கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாமும் சந்தையை பைபாஸ் பக்கம் விசாலமான இடத்தில் போட்டால் என்ன? பாட்டன் காலத்துச் சந்தை என்று கண்ணைக் கசக்காமல் காரணம் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி
சரி தம்பி, காரணமே சொல்கிறேன். சாக்கை விரித்து உட்காரும் கீரைக்காரம்மாவை நீங்கள் நின்று பார்த்ததுண்டா? தண்டங்கீரை நாலு கட்டு, பிஞ்சுக் கத்தரி, கொஞ்சம் மொச்சை. மொத்தச் சரக்கே சில நூறு ரூபாய்தான் பெறும். தராசு கிடையாது, கூறு கட்டி வைத்திருப்பார். பொழுது சாயச் சாய இரண்டு கூறு ஒரு கூறு விலைக்கு வரும். அந்த நேரம் பார்த்துப் பையோடு வருகிற வீடுகள் இந்த ஊரில் நிறைய உண்டு. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, அதனால் கூடையோடு வந்து இறங்கி நடந்துவிடுகிறார். பைபாஸுக்குப் போனால் ஷேர் ஆட்டோவுக்குப் போக வர எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் கையில் என்ன மிஞ்சும்?

மண்டிக்காரன்
ஆச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொல்கிற மாதிரி சொந்தக் கொல்லையில் பறித்து வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. நம் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்த வருஷம் சரி, மற்ற நாளில் தக்காளி ஒட்டன்சத்திரத்திலிருந்து வர வேண்டும், சின்ன வெங்காயம் திண்டுக்கல்லிலிருந்து வர வேண்டும். லாரி விடியற்காலையில் வந்து திரும்ப இடமில்லாமல் நிற்கும். பெட்டியை இறக்குவதற்குள் பாதித் தக்காளி நசுங்கிவிடும். நஷ்டத்தை யார் தலையில் கட்டுவோம்? வாங்குகிற உங்கள் தலையில்தான். நேரடியாக விற்கிற விவசாயிக்கு 1999-லேயே உழவர் சந்தைத் திட்டம் வந்துவிட்டதே.

திருச்சி மாப்பிள்ளை
எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். காந்தி மார்க்கெட்டில் நெரிசல் என்று மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் பல கோடி செலவழித்துப் புது மார்க்கெட் கட்டினார்கள். 2017-ல் திறப்பு விழாவும் நடந்தது. வியாபாரிகள் போகவில்லை. கட்டடம் பளபளவென்று இருக்கிறது என்பதற்காக யாரும் வெண்டைக்காய் வாங்க அவ்வளவு தூரம் போவதில்லை. இன்னொன்று, கோயம்பேட்டுக்குப் போனது மொத்த வியாபாரம். நீங்கள் பேசுவது வாரத்தில் ஒரு நாள் கூடுகிற சில்லறைச் சந்தையைப் பற்றி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

செக்காலைக்காரன்
கள்ளிக்குடியில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், அதனால் படுத்தது. ஒரே நாளில் எல்லோரையும் மாற்றினால் வாங்குகிறவன் தானாக வருவான். கீரைக்காரம்மா மேல் இவ்வளவு கரிசனம் காட்டுகிறீர்களே, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருக்கும் பெண் ஒதுங்க எங்கே போவார்? தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார்கள். புது இடம் என்றால் கழிப்பறை, கூரை, குளிர்பதன அறை எல்லாம் சேர்த்தே கட்டலாம்.

பள்ளத்தூர் வக்கீல்
2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று இருக்கிறது.

மண்டிக்காரன்
அது ரோட்டோரம் விற்பவர்களுக்கு, வக்கீல் சார். குத்தகைக்கு விட்டு சுங்கம் வசூலிக்கிற சந்தைப்பேட்டைக்கு அப்படியே பொருந்தும் என்று எதிராளி ஒப்புக்கொள்வாரா?

பள்ளத்தூர் வக்கீல்
ஒப்புக்கொள்ள மாட்டார், வாதாடத்தான் வேண்டும். ஆனால் பேட்டைக்குள் இடம் கிடைக்காமல் வெளியே ரோட்டோரம் சாக்கு விரித்திருக்கிறாரே, அவருக்கு அந்தச் சட்டம் நிச்சயம் கை கொடுக்கும்.

ஊர்சுற்றி
இடத்தை மாற்ற வேண்டாம். அழகுபடுத்தினால் போதும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் கல்பாசி, மராட்டி மொக்கு, மானாமதுரைப் பானை எல்லாம் வாங்கிப் போவார்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி
ஐயோ, அது வேண்டவே வேண்டாம். பழைய சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். நம் வீட்டு அடுக்களைச் சாமானை நாமே விலை கேட்கப் பயப்படுகிற மாதிரி ஆகிவிட்டது. பார்சிலோனாவின் போக்கேரியா சந்தையில் கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்தவர்களால் உள்ளூர்க்காரர்கள் மீன் வாங்க முடியவில்லை. 2015-ல் பெரிய சுற்றுலாக் குழுக்களுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். கருவாட்டுக்காரர் படம் எடுப்பவருக்காக உட்காரவில்லை.

செக்காலைத் தம்பி, கழிப்பறை பற்றி நீங்கள் சொன்னது ஞாயம்தான். அதைக் கட்ட பைபாஸ் எதற்கு? இருக்கிற இடத்திலேயே கட்டலாமே. லாரி இறக்குவதை மட்டும் ஊருக்கு வெளியே வையுங்கள்.

மண்டிக்காரன்
வெளியே இறக்கி, மறுபடி குட்டி யானை வண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுவர வேண்டும். இரண்டு ஏற்றுக்கூலி, ஒரு வாடகை. தக்காளி கிலோவுக்கு அது ஏறும், ஆச்சி. கொசுறுக் கறிவேப்பிலைகூடக் கிடைக்காது.

கானாடுகாத்தான் ஆச்சி
ஏறட்டும். உங்கள் லாரி ஊருக்குள் நிற்கிற செலவை இப்போது யார் கொடுக்கிறார்கள்?

செக்காலைக்காரன்
கழிப்பறை கட்டுவது யார், மாநகராட்சியா, குத்தகைக்காரரா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.